நல்ல வண்டி மகளுக்கு

கையில் பேப்பர் வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வெறுங்கையோடு சண்டைக்கு வருகிறவனை நம்பலாம். நாலு வார்த்தை அவன் பேசுவான், நாலு வார்த்தை நாம் பேசலாம், முடிந்துவிடும். பேப்பர்காரனோடு பேசி ஜெயிக்க முடியாது. எங்கள் எதிர்ப் பட்டறைக்காரன் அந்த ரகம்.

நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை, அந்தப் பக்கம் அவனுடைய மெக்கானிக் பட்டறை. தெருவில் அவனுக்குப் பெயர் புள்ளிவிவரம். எந்தக் காரைக் காட்டினாலும் அதன் குதிரைசக்தி இத்தனை, எடை இத்தனை, இத்தனை செகண்டில் இத்தனை வேகம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அதே காரின் பானட்டைத் திறந்து கொடுத்தால் ஸ்பேனரைத் தேடவே அரை மணி நேரம் ஆகும். பட்டறையை உண்மையில் நடத்தியது அவன் அப்பா. ஆறு மாதம் முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார்.

அவனுக்கு ஒரு தங்கை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் பழகுகிறவர்கள் மிஸ், மிஸ் என்று கூப்பிட்டு, தெருவுக்கே மிஸ் ஆகிவிட்டாள். கட்டினவன் எங்கேயோ போனவன் போனவன்தான். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறையில் அவளும் அம்மாவும் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சோறு, துணி, மருந்து எல்லாம் அவள் பாடு. அண்ணன்காரன் கல்யாணமான கையோடு மாடிவீடு பார்த்துப் போனவன், அம்மாவை வாரத்துக்கு ஒருமுறை வந்து நலம் விசாரிப்பான்.

அப்பா விட்டுப்போனவை பட்டறையும் இரண்டு பழைய கார்களும். இரண்டும் என்னைவிட வயதில் மூத்தவை. ஒன்று பெருசு. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின், நீள மூக்கு, முன்னாலும் பின்னாலும் மும்மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். இன்னொன்று சின்னது. நாலு சிலிண்டர், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, முதுகு உருண்டை, ஆள் ஏறினால் ஒரு பக்கம் சாயும். வீட்டில் பேச்சே அப்படித்தான், பெருசை எடு, சின்னதை வெளியே விடு. பத்து வருஷமாகச் சின்னதில்தான் மிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்காருகிற தனக்கென்று இன்னொரு பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் அவளே வெல்டு வைத்து மாட்டிக்கொண்டாள். அந்த வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

கிழவர் சாவதற்கு ஒரு வாரம் முன்னால், கை நடுங்குகிறது என்று அம்மாவை எழுதச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ‘பட்டறை மகனுக்கு. இரண்டு காரில் நல்ல வண்டி மகளுக்கு. மற்றது மகனுக்கு.’ அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் வண்டி அவளுக்கு என்று இருந்துவிட்டார்கள்.

அப்புறம் பழைய கார் சேர்க்கிற பைத்தியம் ஒன்று பட்டறைக்கு வந்தது. பெருசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்து, ‘இந்த மாடல் ஓடுற நிலைமைல நாலஞ்சுதான் மிச்சம் இருக்கு, கேக்கற விலை தர்றேன், எனக்குக் குடுத்துடுங்க’ என்று கெஞ்சாத குறை. அன்றைக்குத்தான் புள்ளிவிவரத்துக்கு அப்பா எழுதிய தாள் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஒரு பேப்பரோடு என் கடையில் வந்து உட்கார்ந்தான். அனல்காற்று ரோட்டுப் புழுதியை எல்லாம் வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு லாரி ட்யூபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, நீங்க பொதுவான மனுஷன். நீங்களே சொல்லுங்க. பெருசு நூத்திப்பத்து குதிரை. சின்னது நாப்பத்திரெண்டு. நின்ன இடத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகம் புடிக்க, பெருசுக்குப் பதினாறு செகண்டு. சின்னதுக்கு நாப்பது.”

“அவ்வளவு ஆகுமா?”

“அதுவும் காத்து பின்னாடியிருந்து தள்ளினா. கடைசி வேகம், பெருசு நூத்தம்பது. சின்னது நூத்திப்பத்துல அழுவும். எடை பாருங்க, இழுவை பாருங்க, டிக்கி பாருங்க. எதுண்ணே நல்ல வண்டி?”

“பெருசுதான்” என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

“கேட்டீங்களா! அப்பா என்ன எழுதியிருக்காரு? நல்ல வண்டி மகளுக்கு. நானும் நல்ல வண்டிய நீயே எடுத்துக்கம்மாங்கறேன். எனக்கு அந்தத் தகர டப்பா போதும்ங்கறேன். எந்த அண்ணன் சொல்லுவான்?”

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. பிடுங்குகிறவன் பிடுங்குகிறேன் என்று சொன்னால் தெருவில் நாலு பேர் தட்டிக்கேட்பார்கள். இவன் கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று சொல்லியே பிடுங்கினான். தெருவும் அவன் பக்கம் சாய்ந்தது. பெரிய காரைக் கொடுத்தும் வேண்டாமென்கிறாளே, இவளுக்கு எவ்வளவு திமிர் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு நாள் அவன் என் கடையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தபோது, அவள் க்ளாஸ் முடித்து நேராக அங்கே வந்தாள். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

“அண்ணே, அந்தப் பேப்பரக் குடு” என்று அவனிடம் கை நீட்டினாள். வாங்கி அதை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். “இதுல கிளட்ச் எவ்வளவு கனம்னு போட்டிருக்கா?”

“அதெல்லாம் போட மாட்டாங்க.”

“பெருசுல கிளட்ச் மிதிக்க எனக்கே தொடை நடுங்குது. வண்டி ஒரு வட்டம் திரும்ப எவ்வளவு இடம் வேணும்னு போட்டிருக்கா?”

“பதிமூணு மீட்டர். சின்னது ஒம்பது.”

“நான் சொல்லிக்குடுக்கற தெருவோட அகலம் தெரியுமா உனக்கு? பெருசுல கியர் ஸ்டியரிங் மேல இருக்கு. மூணே கியர். அதுல பழகிட்டு வெளிய போயி அவங்க எதண்ணே ஓட்டுவாங்க? சீட்டு ஒரே பெஞ்சு, முன்னாடி தள்ள முடியாது. குள்ளமா ஒருத்தி உக்காந்தா பானட்டு எங்க முடியுதுன்னே தெரியாது அவளுக்கு.”

“இதெல்லாம் ஸ்பெசிபிகேஷன்ல வராதும்மா.”

“வராதுதான். எழுதினவன் ஒரு பொம்பளைக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்திருந்தா வந்திருக்கும்.”

“பாத்தீங்களாண்ணே, நான் நம்பர் பேசறேன், இவ வாய் பேசறா.”

அவள் அந்தப் பேப்பரைக் கசக்கி என் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். அவன் சிரித்தான். அவனிடம் இன்னும் மூன்று பிரதி இருந்தது.

அன்று மாலை நானே போய் அம்மாவிடம் கேட்டேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். “எழுதினது நீங்கதானே? அவரு எந்த வண்டிய மனசுல வச்சுச் சொன்னாரு?” என்றேன். “என்னத்தச் சொன்னாரு, நல்ல வண்டின்னாரு” என்று துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், பாவம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அவர் முப்பது வருஷம் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தவர், பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிரேக் மாமா என்றுதான் எல்லோருக்கும். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

“எனக்குப் பேப்பரும் வேணாம், கண்ணீரும் வேணாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மில் ரோட்டுக்கு ரெண்டு வண்டியும் வரட்டும். இழுவை பாப்போம், மேடு பாப்போம், கடைசியா பிரேக்கு. பிரேக்ல தோக்கற வண்டி வேற எதுல ஜெயிச்சாலும் நல்ல வண்டி இல்ல. ஜெயிக்கறது அவளுக்கு, தோக்கறது உனக்கு. ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

அவள் உடனே சரியென்றாள். சின்னது எடை குறைந்த வண்டி, பிரேக்கை அவள் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவருகிறவள். அவனும் கொஞ்ச நேரம் கழித்துச் சரியென்றான். பெருசு தோற்றால் சின்னது அவன் கைக்கு வராது என்ற கவலை அப்போது அவன் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். சின்னதின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து அவன் அடியில் கிடந்தான். இதை என் கண்ணால் பார்த்தேன். “என்னப்பா, அதிசயமா கையில கிரீஸ்?” என்று கேட்டேன். “தங்கச்சி வண்டியாச்சே அண்ணே, நாளைக்கு நிக்கணும்ல, கிரீஸ் அடிச்சு விடறேன்” என்றான். என்ன இருந்தாலும் கூடப்பிறந்த பாசம் விடுமா என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டுப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு க்ளாஸ் கிடையாது. அன்றைக்கு மட்டும், தையல் கடை வைத்திருக்கிற ஒருத்தி, மற்ற நாள் நேரமில்லை மிஸ் என்று கெஞ்சியதால் காலையில் எடுத்துக்கொண்டாள். எதிர்ப் பட்டறை பூட்டிக் கிடந்தது. பத்து மணிக்கு வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து என் கடை முன்னால் நின்றது. தையல்காரி ஸ்டியரிங்கில் இல்லை, பக்கத்து சீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

“மிதிச்சேன் மிஸ். சத்தியமா மிதிச்சேன். கால் தரைல போய் இடிக்குது, வண்டி போய்க்கிட்டே இருக்கு.”

“தெரியும். நானும் என் பெடல மிதிச்சேன். அழாதீங்க.”

“தண்ணி கேன் தள்ளிக்கிட்டு வந்தாரே அந்தப் பெரியவரு... ஒரு சாண்தான் மிஸ் இருந்துச்சு. நீங்க ஹேண்ட்பிரேக்க இழுக்கலன்னா நான் கொலைகாரி ஆயிருப்பேன்.”

“உங்க தப்பு இல்லங்கறேன்ல.”

“இல்ல மிஸ். எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, உனக்கெல்லாம் இது எதுக்குன்னு. எனக்கு வராது. என்னை விட்டுடுங்க.”

எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள். மிஸ் என்னிடம் ஜாக்கி கேட்டாள். சக்கரத்தைத் தூக்கி, டிரம்முக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் கட்டை தேயத் தேய, பின்னால் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகி நெருக்கி வைக்க வேண்டும். தளர்த்திவிட்டால் பெடல் தரைக்கு இறங்கும்.

“தானா தளர்ந்திருக்குமோ?” என்றேன்.

“ஒரு பக்கம்னா தானா. ரெண்டு பக்கமும் எண்ணி வச்சாப்பல ஒரே அளவு தளருமா? இங்க பாருங்க, ஸ்பேனர் போட்ட கீறல், இன்னும் பளபளன்னு இருக்கு. பின்னாடி சக்கரத்தத் தொடல, அதனாலதான் ஹேண்ட்பிரேக் புடிச்சுது.”

நேற்றுப் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அவள் அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாக நெருக்கினாள். சக்கரத்தைக் கையால் சுற்றி, கட்டை லேசாக உரசுகிற சத்தம் கேட்டதும் அரைப் பல் பின்னால் விட்டாள். நாலு முறை பெடலை மிதித்துப் பார்த்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணே, இத யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அவனுக்குத் தெரியவே கூடாது.”

மில் மூடி வருஷக்கணக்காகிறது. அதன் பின்னால் உள்ள நேர் ரோட்டில் காட்டுச்செடிதான் நடமாட்டம். பெருசில் அவன் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தான். பிரேக் மாமா ஸ்கூட்டரில் வந்தார். என்னை டேப்பும் சாக்பீஸும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். வெக்கை இறங்கவேயில்லை, தார் கால் செருப்பில் ஒட்டியது.

இழுவையில் பெருசு ஜெயித்தது. பார்க்கக் கூட வேண்டியதில்லை, இவள் மூன்றாவது கியர் போடுவதற்குள் அது எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டது. மேட்டில் இரண்டும் ஏறின. சின்னது முனகிக்கொண்டு ஏறியது. அவன் ஒவ்வொன்றுக்கும் பேப்பரில் டிக் போட்டான்.

“பிரேக்கு” என்று ஒரு கோடு போடச் சொல்லி என்னை அங்கே நிறுத்தினார் மாமா. “அம்பது வேகத்துல வரணும். இவரு நிக்கற கோட்டத் தாண்டினதும் மிதிக்கணும். நின்ன இடத்துக்கு அளப்பேன்.”

“மாமா, ஒரு விஷயம்” என்றாள் மிஸ். “அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்டினா, கைப்பழக்கம்னு நாளைக்குப் பேச்சு வரும். மாத்தி ஓட்டறோம். நான் பெருச எடுக்கறேன். அண்ணன் சின்னத எடுக்கட்டும்.”

“ரொம்பச் சரி.”

“இல்ல மாமா, நான் அத ஓட்டி நாளாச்சு...” என்று இழுத்தான்.

“நூத்திப்பத்து குதிரைய அடக்கறவனுக்கு நாப்பத்திரெண்டு என்னடா பண்ணும்? ஏறு.”

அவள் பெருசில் முதலில் வந்தாள். கோட்டில் பெடலில் ஏறி நின்று மிதித்தாள். மூக்கு தரையில் குத்துவதுபோல் இறங்கி, பதினெட்டு மீட்டரில் நின்றது. அடுத்தது அவன். நான் கோட்டருகே சாக்பீஸோடு நின்றேன். தூரத்தில் வரும்போதே வேகம் குறைந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று அவன் இறக்கிக்கொண்டே வந்ததில் எஞ்சின் கத்தியது. என்னைத் தாண்டியதும் பின்சக்கரம் இரண்டும் கிறீச்சிட்டு, வண்டி குறுக்காகத் திரும்பி, இருபத்தாறு மீட்டரில் போய் நின்றது.

கதவைத் திறந்து குதித்தான். “பாத்தீங்களா மாமா! பெடல் தரை வரைக்கும் இறங்குது! ஹேண்ட்பிரேக்க இழுக்கலன்னா செவுத்துலதான் போய் நின்னிருப்பேன். இத வச்சுக்கிட்டு ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறா! யாராவது செத்தா யாரு பதில் சொல்றது?”

எனக்கு அதைக் கேட்டதும் ரத்தம் தலைக்கு ஏறியது. “லைட் எரியலையே” என்றேன்.

“என்ன லைட்டு?”

“பின்னாடி பிரேக் லைட்டு. பெடல்ல கால் வச்சாலே எரியும். பெருசுல எரிஞ்சுது. நீ என்னைத் தாண்டிப் போயி நிக்கற வரைக்கும் உன் வண்டில எரியவே இல்ல. நீ பெடலத் தொடவே இல்ல.”

மாமா நடந்துபோய் சின்னதில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். லைட் எரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், ஐம்பதில் வந்து, கோட்டில் மிதித்தார். நானே அளந்தேன். பதினாலு மீட்டர். இறங்கி வந்து மருமகன் முன்னால் நின்றார்.

“பெடல் நல்லா கெட்டியா இருக்கு. மிதிக்காமயே அது இறங்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

அவன் பேப்பரைப் பார்த்தான். அதில் அதற்குப் பதில் இல்லை.

“சொல்லுடா!”

“நான்... சும்மா சின்னது இந்த ஒரு டெஸ்டுல தோத்தாப் போதும்னுதான் மாமா. ஞாயித்துக்கிழமை அவளுக்கு க்ளாஸ் இல்லன்னு நெனச்சேன்.”

மிஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. “க்ளாஸ் இல்லன்னா? அப்ப சாயங்காலம் ஓட்டப்போறது யாரு? நான்தானே? அம்பது வேகத்துல வந்து மிதிக்கப்போறது நான்தானே? நான் செத்தா உன் பேப்பர்ல எந்தக் கட்டத்துல டிக் போடுவ? காலைல அந்தத் தையக்காரி ரெண்டு பிள்ளை பெத்தவ, தப்பு தன்மேலன்னு அழுதுக்கிட்டுப் போறா. தண்ணி கேன் தூக்கற கிழவன் ஒரு சாண்ல பொழச்சான். போய் அவங்க கால்ல விழு. போ!”

அவன் கையைத் தட்டிவிட்டான். எல்லோரும் சேர்ந்து திட்டம் போட்டு அவனை அசிங்கப்படுத்திவிட்டோம், இனி அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று என்னென்னவோ உளறினான். பெருசில் ஏறி, கதவை அறைந்து சாத்தி, புழுதியை எங்கள் மேல் அடித்துவிட்டுப் போயே போய்விட்டான். பெற்றவளைக் கூட்டிவந்தோமே என்ற நினைப்புகூட அவனுக்கு இல்லை.

“வண்டி உனக்குத்தாம்மா. பதினாலு மீட்டர். எவன் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு” என்று சொல்லிவிட்டு மாமாவும் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் மெதுவாக வாயைத் திறந்தார்.

“அவரு சின்னதுன்னுதான் சொன்னாரு.”

“யாரு?” என்றாள் மிஸ்.

“உங்கப்பா. சின்னது மகளுக்குன்னு எழுதுன்னாரு. பொம்பளப் புள்ளைக்குச் சின்னதுன்னு எழுத எனக்கு மனசு வரல. நாளைக்கு எவனாவது படிச்சா, பொண்ணுன்னா சின்னத ஒதுக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டானா? அதான் நல்ல வண்டின்னு மாத்தி எழுதினேன். படிச்சுக் காட்டினேன், அதுவும் சரிதான்னு கையெழுத்துப் போட்டாரு.”

இத்தனை ரகளையும் அந்த ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

“இத ஏம்மா இத்தன நாளா சொல்லல?” மிஸ்ஸின் குரல் இறங்கிவிட்டிருந்தது. கத்தியபோது இருந்ததைவிட அது பயமாக இருந்தது. “தெருவே என்னைத் திமிர் புடிச்சவன்னு பேசுச்சு. நீ துணி மடிச்சுக்கிட்டு இருந்த.”

“அவன் கோவிச்சுக்குவான்லம்மா.”

“நான் கோவிச்சுக்க மாட்டேனா?”

அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். பாராட்டுகிற சிரிப்பு அது.

“நீ கோவிச்சா என்ன? அதுக்காக ராத்திரி எனக்குச் சோறு போடாம இருந்துடுவியா?”

மிஸ் போய் சின்னதில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். கிளப்பியவள் போகவும் இல்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தட்டுத்தடுமாறி வண்டி வரைக்கும் வந்து நின்றார். அந்தப் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது, உள்ளேயிருந்துதான் திறந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

மறுநாள் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம், “ஏம்மா, உங்கம்மாவக் கொஞ்ச தூரமாவது நடக்க விட்டிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“விடணும்னுதான்ணே உக்காந்திருந்தேன்” என்றாள். “கை பாட்டுக்குப் போயி கதவத் திறந்துடுச்சு. அந்தக் கைய அப்படியே வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு எனக்கு.”